பழைய எஸ்யூவியை தூக்கணுமா? முதல்ல டேப் எடுங்க

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான்: பழைய எஸ்யூவிய செலவு கம்மியா எப்படி உயர்த்தறது? அதனால இந்தப் பகுதி முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். பேர் போட வேணாம்னு சில பேர் கேட்டிருந்தாங்க, அதனால எல்லாருக்குமே அவங்க வண்டியையோ கேள்வியையோ வச்சே பேர் போட்டிருக்கேன்.

கேள்வி: சார், என் வண்டி இருபது வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. லேடர் ஃபிரேம் (பாடிக்கு அடியில ஏணி மாதிரி தனி இரும்புச் சட்டம்), முன்னாடி டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்கு பதிலா முறுக்கற இரும்பு ராடு), பின்னாடி காயில் ஸ்பிரிங். மண் ரோட்டுல போனா அடி தட்டுது. ஒரு 2 இன்ச் தூக்கணும், ஆனா முழு கிட் வாங்கற அளவுக்கு கையில இல்ல. ஸ்பேசர் (ஸ்பிரிங்குக்கு மேல வைக்கற கட்டை) மட்டும் போட்டா போதுமா?
— டார்ஷன் பார் வண்டிக்காரர்

பதில்: அதுக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி நீங்க ஒரு வேலை பண்ணணும், காசே ஆகாத வேலை. வண்டிய சமமான தரையில நிறுத்துங்க, நாலு டயர்லயும் காத்து சரியா இருக்கட்டும், உள்ள கெடக்கற சாமான எல்லாம் எறக்கிடுங்க, அப்புறம் ஒரு ரெண்டு மீட்டர் முன்னாடி பின்னாடி தள்ளி விட்டு நிறுத்துங்க (ஜாக்கியிலேர்ந்து எறக்கின உடனே அளந்தா சஸ்பென்ஷன் முழுசா உக்காந்திருக்காது, நம்பர் தப்பா வரும்). இப்ப டேப்ப எடுத்து வீலோட நடு மையத்துலேர்ந்து நேரா மேல மட்கார்டு விளிம்பு வரைக்கும் நாலு பக்கமும் அளந்து எழுதி வைங்க. தரையிலேர்ந்து அளக்காதீங்க, டயர் தேய்மானமும் காத்தும் சேந்து கணக்க கெடுத்துடும். அந்த நாலு நம்பர வண்டியோட ஒர்க்‌ஷாப் மேனுவல்ல இருக்கற உயரத்தோட ஒப்பிடுங்க. மேனுவல் இல்லேன்னா அதே மாடல்ல நல்லா பராமரிச்ச வேற வண்டி ஒண்ண அளந்து பாருங்க.

எதுக்கு இவ்வளவு சொல்றேன்னா, இத்தனை வருஷம் வெயிட்ட தாங்கின காயில் 20-லேர்ந்து 40 மி.மீ. வரைக்கும் உக்காந்து போயிருக்கறது சாதாரணமா பாக்கறதுதான். நீங்க கேக்கற 2 இன்ச்ங்கறது 50 மி.மீ. அதுல பாதிக்கு மேல உங்க வண்டி தொலைச்ச உயரமாவே இருக்கலாம், அத திரும்ப வாங்கறது தப்பே இல்லாத வேலை, எந்த கோணமும் மாறாது, எந்த ஜாயிண்டுக்கும் கூடுதல் சுமை இல்ல, ஏன்னா வண்டிய டிசைன் பண்ணவங்க நெனச்ச இடத்துக்கே அது திரும்பப் போகுது. என்னோட பழைய வண்டியில அளந்தப்ப மூணு பக்கம் கிட்டத்தட்ட சமம், இடது பின்பக்கம் மட்டும் 18 மி.மீ. கம்மி. கழட்டி பாத்தா ஸ்பிரிங்கோட கடைசி சுத்து ஒடஞ்சு ஸ்பிரிங் உக்கார்ற சீட்டுக்குள்ளயே துருப்புடிச்சு கெடந்துச்சு, வெளியேர்ந்து பாத்தா தெரியவே தெரியாது. அளக்காம அது மேல ஸ்பேசர வச்சிருந்தேன்னா ஒடஞ்ச ஸ்பிரிங்கோடவே வருஷக்கணக்கா ஓட்டியிருப்பேன்.

அதனால உங்களுக்கு என் யோசனை, பின்னாடி ரெண்டு காயிலும் புதுசு போடுங்க. அதுலயும் ஒரு வழி இருக்கு. உங்க மாடல்லயே ஏழு சீட்டு வெர்ஷன், இல்ல வெயிட் அதிகமா ஏத்தற வெர்ஷன்னு இருந்தா அதோட பின் ஸ்பிரிங் பெரும்பாலும் கொஞ்சம் கெட்டியா இருக்கும், அதே ஸ்பிரிங் சீட்டுல உக்காரும், 15-லேர்ந்து 25 மி.மீ. சும்மாவே ஏறும். முன்னாடியும் காயில் இருக்கற வண்டின்னா பெட்ரோல் வண்டிக்கு டீசல் வெர்ஷனோட முன் ஸ்பிரிங்க போடறது இதே கணக்குதான், டீசல் இஞ்சின் வெயிட் ஜாஸ்திங்கறதால. கிட்டுன்னு பேர் போட்டு விக்கற எதையும் விட இது மலிவு, பார்ட் நம்பர மட்டும் சரி பாத்துக்குங்க.

இன்னொண்ணு, இத பல பேர் விட்டுடறாங்க. புது ஸ்பிரிங் போடும்போது ஆர்ம் புஷ் (சஸ்பென்ஷன் ஆர்ம் முனையில இருக்கற ரப்பர் இணைப்பு) போல்ட்டெல்லாம் லூஸ் பண்ணிட்டு, வண்டிய தரையில எறக்கி, வெயிட் முழுசா வீல் மேல வந்தப்புறம்தான் முறுக்கணும். ரப்பர் புஷ் உள்ள இரும்புக் குழாயோட ஒட்டியிருக்கும், வீல் தொங்கற நெலையில முறுக்கிட்டா வண்டி எறங்கின உடனே ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரமே கிழிஞ்சு போயிடும்.

கேள்வி: புது ஷாக் போட்டா வண்டி உயரும்னு மெக்கானிக் சொல்றாரு, நெஜமா?
— பழைய ஷாக்காரர்

பதில்: உயராது. வெயிட்ட தாங்கறது ஸ்பிரிங், ஆட்டத்த அடக்கறதுதான் ஷாக்கோட வேலை. கேஸ் ஷாக்ல உள்ள இருக்கற அழுத்தத்தால சில மி.மீ. ஏறும், அவ்வளவுதான். ஆனா உங்க ஷாக் எண்ணெய் ஒழுகுதுன்னா எப்படியும் மாத்துங்க, உயரத்துக்காக இல்ல, பிரேக் அடிக்கும்போது வீல் தரைய விடாம இருக்கறதுக்காக.

கேள்வி: டார்ஷன் பார் போல்ட்ட ரெண்டு முறுக்கு முறுக்கினா போதும், ஓசியில ஏறிடும்னு ஃபிரெண்டு சொல்றான். பஜேரோ ரெண்டாவது தலைமுறை வண்டி. பண்ணலாமாண்ணே?
— பஜேரோ தம்பி

பதில்: பண்ணலாம் தம்பி, ஓசிங்கறதும் உண்மைதான், ஆனா எங்க நிறுத்தறதுன்னு தெரிஞ்சுக்கிட்டு பண்ணணும். 1991-ல வந்த அந்த பஜேரோவுக்கு முன்னாடி டார்ஷன் பார், பழைய இசுசு ட்ரூப்பரும் இதே குடும்பம்தான். நீளமான ஒரு இரும்பு ராடு, ஒரு முனை சஸ்பென்ஷன் ஆர்ம்ல, இன்னொரு முனை ஃபிரேம்ல ஒரு நெம்பு மேல, அந்த நெம்ப ஒரு போல்ட் தாங்குது. போல்ட்ட முறுக்கினா நெம்பு திரும்பும், ஆர்ம் கீழ தள்ளப்படும், வண்டி மேல வரும்.

முறுக்கினா ஸ்பிரிங் கெட்டியாகுதுன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. ஆகாது, ராடோட கனமும் நீளமும் மாறலையே. அப்ப ஏன் முறுக்கினப்புறம் தூக்கித் தூக்கிப் போடுதுன்னு கேப்ப. வண்டி நிக்கற உயரம் ஏறிடுச்சு, ஆனா வீல் எவ்வளவு தூரம் கீழ தொங்க முடியுமோ அந்த எல்லை மாறவே இல்ல. மேல் ஆர்ம் போய் முட்டற ரப்பர் ஸ்டாப் ஃபிரேம்ல அதே எடத்துல இருக்கு. உதாரணத்துக்கு முன்ன 80 மி.மீ. கீழ எறங்க எடம் இருந்துச்சு, நீ 40 ஏத்திட்டேன்னு வை, இப்ப 40-தான் மிச்சம். பள்ளத்துல வீல் எறங்கும்போது ஆர்ம் டப்புன்னு ஸ்டாப்ல முட்டும், அந்த அடிதான் உனக்கு கெட்டியா தெரியறது. அதனால 25-லேர்ந்து 30 மி.மீ. வரைக்கும் போ, அதோட நிறுத்து. வண்டி தரையில நிக்கும்போது மேல் ஆர்முக்கும் அந்த ஸ்டாப்புக்கும் நடுவுல ரெண்டு விரலாவது தாராளமா நுழையணும், அப்படி நுழையலேன்னா கொஞ்சம் எறக்கு.

செய்யற முறைய சொல்றேன். மொதல்ல போல்ட் வெளிய எவ்வளவு நீட்டிக்கிட்டிருக்குன்னு ரெண்டு பக்கமும் அளந்து எழுதிக்கோ, திரும்பி வர வழி வேணும்ல. முந்தின நாளே துரு இளக்கற எண்ணெய் அடிச்சு விடு, மரைய நல்லா பிரஷ் போட்டு கிரீஸ் தடவு. முன் வீல் ரெண்டும் தொங்கற மாதிரி ஃபிரேம்ல ஸ்டாண்டு குடுத்து ஏத்திக்கோ, வெறும் ஜாக்கிய நம்பி அடியில போகாத. வெயிட்டோட முறுக்கினா பழைய போல்ட் மரை பிச்சுக்கிட்டு போயிடும். ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சுத்து முறுக்கு, எறக்கு, கொஞ்சம் ஓட்டு, அள. வலதும் இடதும் ஒரே சுத்து எண்ணிக்கையில சமமா வரணும்னு இல்ல, உயரம்தான் சமமா வரணும். எதுக்காவது ராட வெளிய எடுக்க வேண்டி வந்தா இடது வலது மாத்திப் போட்டுடாத, அது ஒரு பக்கம் முறுக்குக்குன்னே பதப்படுத்தி வர்றது.

வேலை முடிஞ்சதும் அலைன்மெண்ட் கட்டாயம். உயரம் ஏறினா கேம்பர் (வீலோட பக்கவாட்டு சாய்வு) பாசிட்டிவ் பக்கம் போகும், அதாவது வீலோட மேல்பக்கம் வெளிய சாயும், டோவும் (ரெண்டு வீலும் உள்ளயோ வெளியயோ பாக்கற கோணம்) மாறும், விட்டா டயரோட வெளி ஓரம் கொஞ்ச நாள்லயே வழிச்சுக்கிட்டு போயிடும். சிவி ஜாயிண்ட்டோட (முன் வீலுக்கு சக்திய கொண்டு போற ஆக்சில்ல இருக்கற வளையற இணைப்பு) ரப்பர் உறையையும் பாத்துக்கோ. ஜாயிண்ட் எப்பவும் கூடுதல் கோணத்துலயே சுத்தறதால பழைய உறை மடிப்புல வெடிக்கும், கிரீஸ் வெளிய போய் மண்ணு உள்ள போச்சுன்னா ஓசியில ஏத்தின உயரத்துக்கு ஒரு ஆக்சில் வெல குடுக்க வேண்டி வரும்.

கேள்வி: பின்பக்கம் காயிலுக்கு மேல 30 மி.மீ. பாலியூரத்தேன் ஸ்பேசர் வாங்கி வச்சிருக்கேன். பிரேக் ஹோஸும் நீளமா மாத்தணும்னு ஒருத்தர் சொல்றாரு, வேணாம்னு ஒருத்தர் சொல்றாரு. எத நம்பறது?
— ஸ்பேசர் வாங்கினவர்

பதில்: நல்ல கேள்வி, தூக்கற வேலையோட முடிச்சே இதுலதான் இருக்கு. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், ஆனா வேற வேற வண்டிக்கு. நீங்க கேட்டுக்க வேண்டியது ஒண்ணுதான், வீல் முழுசா தொங்கும்போது அத புடிச்சு நிறுத்தறது எது? பெரும்பாலான பின் காயில் வண்டிகள்ல ஷாக்தான் அந்த வேலைய செய்யுது. நீங்க பழைய நீளத்து ஷாக்கயே வச்சிருந்தா, ஸ்பேசர் போட்டாலும் ஆக்சில் முன்ன எவ்வளவு தொங்குச்சோ அவ்வளவேதான் தொங்கும், ஹோஸுக்கு புதுசா எந்த இழுப்பும் வராது, மாத்த வேணாம். ஆனா நீளமான ஷாக் போட்டீங்கன்னா ஆக்சில் இன்னும் கீழ போகும், அப்ப அடுத்து இழுபடறது ஹோஸ்தான். அதையும் நீளமா மாத்தியே ஆகணும், ஏபிஎஸ் ஒயரு, பின் டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவுல இருக்கற கியர் பெட்டி) மூச்சுக் குழாய் எல்லாமே அந்த கணக்குல வரும். எப்படி இருந்தாலும் ஃபிரேம்ல ஸ்டாண்டு குடுத்து ஆக்சில முழுசா தொங்க விட்டு ஒரு தடவ எல்லா ஹோஸையும் கையால தொட்டு பாத்துடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

பழைய ஷாக்கோட 30 மி.மீ. ஸ்பேசர்ங்கறது நியாயமான அளவு. 50 போட்டா கீழ தொங்கற தூரம் ரொம்ப கொறஞ்சு வண்டி குதிக்கும், அப்ப நீள ஷாக் வேணும், நீள ஷாக் வந்தா ஹோஸ் வேணும், இப்படி ஒண்ணு பின்னாடி ஒண்ணா செலவு வந்துக்கிட்டே இருக்கும். செலவு கம்மியா முடிக்கணும்னா எங்க நிறுத்தறதுங்கறதுதான் முக்கியம்.

இப்ப யாரும் சொல்லாத ஒண்ணு. நெறைய பழைய எஸ்யூவியில பின் ஆக்சிலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல ஒரு சின்ன கம்பியோட பிரேக் வால்வு ஒண்ணு இருக்கும், லோடு சென்சிங் வால்வும்பாங்க. பின்னாடி லோடு ஏறினா ஃபிரேம் எறங்கும், கம்பி அத பாத்துட்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்த கூட்டும், லோடு இல்லேன்னா கொறைக்கும். நீங்க ஸ்பேசர் வச்சு ஃபிரேம 30 மி.மீ. மேல தூக்கிட்டா வால்வுக்கு வண்டி எப்பவும் காலியா இருக்கற மாதிரிதான் தெரியும், நாலு பேர் ஏறி சாமானும் ஏத்தியிருந்தாலும் பின் பிரேக்க பாதியாத்தான் பிடிக்க விடும். வண்டி நிக்கற தூரம் கூடும், முன் பிரேக் எல்லாத்தையும் தனியா சுமக்கும். இதுக்கு வழி, அந்தக் கம்பி ஆக்சில்ல மாட்டியிருக்கற பிராக்கெட்ட நீங்க ஏத்தின அதே அளவுக்கு உயர்த்தி விடறது. ஒரு சின்ன இரும்புத் துண்டும் ரெண்டு போல்டும் போதும். இத செய்யாம ஸ்பேசர் மட்டும் போட்டு ஓட்டாதீங்க, கெஞ்சி கேக்கறேன்.

பான்ஹார்டு ராடு (ஆக்சில் பக்கவாட்டுல நகராம ஃபிரேமோட புடிச்சிருக்கற ராடு) இருந்தா ஆக்சில் ஒரு பக்கமா 2, 3 மி.மீ. நகரும், 30-க்கு அத கண்டுக்க வேணாம்.

கேள்வி: காயில் சுத்துக்கு நடுவுல செருகற ரப்பர் பஃபர் ரொம்ப மலிவா கெடைக்குது. உயரமும் ஏறுதுங்கறாங்க.
— பேர் வேணாம்

பதில்: வேணாம். ஸ்பிரிங் வளையற வேலைய எல்லா சுத்தும் பங்கு போட்டுக்கணும். நடுவுல ஒரு சுத்த அடச்சு வச்சா அது வேலை செய்யாது, அதோட பங்கு மிச்ச சுத்துங்க மேல விழும், ரப்பர் உரசற எடத்துல பெயிண்ட் போய் துருப்புடிக்கும், துருப்புடிச்ச எடத்துலதான் ஒரு நாள் ஒடையும். லோடு ஏத்தறதுக்காகன்னா காயிலுக்குள்ள வைக்கற காத்துப் பை நல்லது, லோடு இல்லாதப்ப காத்த கொறச்சுக்கலாம்.

கேள்வி: என்னோடது நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங் போட்ட பழைய சின்ன 4x4. ஷேக்கிள (பட்டையோட ஒரு முனைய ஃபிரேமோட சேக்கற தொங்கு பிளேட்டு) நீளமா லேத்துல பண்ணி போடறதா, ஒரு பட்டை கூட சேக்கறதா, இல்ல ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல கட்டை வைக்கறதா? எது மலிவு, எது நல்லது?
— பட்டை வண்டிக்காரர்

பதில்: மலிவுன்னா ஷேக்கிள், நல்லதுன்னா பட்டை சேக்கறது, கட்டைய பின்னாடி மட்டும். காரணம் சொல்றேன்.

ஷேக்கிள் கணக்கு பாதிக்குப் பாதி. ஷேக்கிள 50 மி.மீ. நீளமாக்கினா வண்டி ஏறுறது 25 மி.மீ.-தான், ஏன்னா பட்டையோட ஒரு முனை மட்டும்தான் நகருது, ஆக்சில் நடுவுல இருக்கு. அதுக்கு மேல நீளம் போனா வளைவுல வண்டி பக்கவாட்டுல நெளியும். ஷேக்கிள் நீளும்போது ஆக்சிலும் கொஞ்சம் சுழலும். பின்னாடி ஷேக்கிள் பின்முனையில இருந்தா பினியன் மூக்கு (பிரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேர்ற ஆக்சில் முனை) மேல பாக்கும், முன் ஆக்சில்ல கேஸ்டர் (ஸ்டீயரிங் திரும்பற அச்சு பின்னாடி சாயற கோணம்) மாறும், ஸ்டீயரிங் தானா நேரா வர்ற கொணம் கொறையலாம். 25 மி.மீ.-க்கு பெரும்பாலும் தாங்கிக்கும். வெறும் பிளேட்டு ரெண்டு வெட்டிப் போடாதீங்க, நடுவுல ஒரு குறுக்குத் துண்டு வச்சு எச் மாதிரி பண்ணச் சொல்லுங்க, புஷ்ஷையும் அப்பவே புதுசா போட்டுடுங்க.

பட்டை சேக்கறதுன்னா நீளமான பட்டையா பாருங்க, மேல இருக்கற பட்டையோட வளைவுக்கு ஒத்துப் போகணும். குட்டைப் பட்டை போட்டா அது முடியற எடத்துல மேல் பட்டை ஒடையும், அத பல தடவ பாத்திருக்கேன். பட்டை கூடினா ஸ்பிரிங் கெட்டியாகும், இது டார்ஷன் பார் மாதிரி இல்ல, இங்க நெஜமாவே கெட்டியாகும், அதனால லோடு ஏத்தறவங்களுக்கு பொருத்தம், காலியா ஓட்டறவங்களுக்கு குலுக்கும். பழைய பட்டைய பட்டறையில அடிச்சு வளைவ திரும்ப கொண்டு வர்றதும் உண்டு. சரியா பதப்படுத்தினா நிக்கும், சும்மா குளிரா அடிச்சு வளச்சது கொஞ்ச மாசத்துல பழையபடி உக்காந்துடும், இத முதல்லயே பட்டறையில கேட்டுக்குங்க.

கட்டை வைக்கறது பின் ஆக்சிலுக்கு மட்டும். ஒரே ஒரு கட்டை, நடு பின் உக்கார்ற ஓட்டையோட, இரும்புல. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கக் கூடாது. முன் ஆக்சிலுக்கு கட்டை கூடவே கூடாது, பிரேக் அடிக்கும்போது முன் ஆக்சில் பயங்கரமா முறுக்கும், கட்டை வழுக்கிடுச்சுன்னா ஸ்டீயரிங் உங்க கையில இருக்காது.

எது பண்ணாலும் யூ போல்ட் (பட்டையையும் ஆக்சிலையும் சேத்துக் கட்டற போல்ட்) புதுசா வாங்குங்க, ஒரு தடவ முறுக்கி இழுபட்ட போல்ட்ட திரும்ப நம்ப முடியாது. முறுக்கினப்புறம் 100 கி.மீ.-ல ஒரு தடவ, 500 கி.மீ.-ல ஒரு தடவ டார்க் (போல்ட் எவ்வளவு இறுக்கமா இருக்குங்கற அளவு) பாருங்க.

கேள்வி: எங்களோடது ஃபிரேம் இல்லாத மோனோகாக் எஸ்யூவி, முன்னாடி மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேந்து ஒரே தூணா வர்றது). ஸ்ட்ரட்டுக்கு மேல வைக்கற ஸ்பேசர் 50 மி.மீ. கெடைக்குது, போடலாங்களா?
— குடும்ப வண்டிக்காரம்மா

பதில்: 50 வேணாம்மா, 25-லேர்ந்து 30-க்குள்ள நிறுத்திக்குங்க. முன்ன சொன்ன கணக்கு இங்க தலைகீழா வருது. ஸ்ட்ரட்டுக்கு மேல ஸ்பேசர் வச்சா ஸ்ட்ரட் மொத்தமா கீழ நகருது, அதாவது வீல் தொங்கற எல்லையும் அதே அளவுக்கு கீழ போகுது. அப்ப சிவி ஜாயிண்ட், பால் ஜாயிண்ட், பிரேக் ஹோஸ், ஸ்டெபிலைசர் (வளைவுல வண்டி சாயாம தடுக்கற கம்பி) லிங்க் எல்லாமே கம்பெனி நெனச்சதுக்கு மேல இழுபடும். 30 வரைக்கும் பொதுவா தாங்கும், 50-ல ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல எறங்கும்போது ஜாயிண்ட் திரும்ப முடியாம இறுகிக்கலாம்.

இந்த ஸ்பேசர்ல நல்ல விஷயம், ஸ்பிரிங்க அமுக்கி பிரிக்க வேண்டிய அவசியம் இல்ல. அமுங்கின ஸ்பிரிங்கோட நடு நட்ட மட்டும் யாரும் கழட்டக் கூடாது, உயிர் போற விஷயம். ஸ்பேசர் அலுமினியமோ நல்ல நைலானோ ஒரே துண்டா இருக்கட்டும், வாஷர அடுக்கி யாராவது பண்ணித் தர்றேன்னா வேணாம்னுட்டு வந்துடுங்க. ஸ்டட் நீளமும் பாருங்க, நட்டு முழுசா மரையில ஏறி ரெண்டு மரை வெளிய தெரியணும்.

உங்களுக்கு ஸ்ட்ரட்டுங்கறதால 25 ஸ்பேசருக்கு கிட்டத்தட்ட 25-தான் ஏறும். டபுள் விஷ்போன் (வீல மேலயும் கீழயும் ரெண்டு ஆர்ம் புடிச்சிருக்கறது) வண்டி வச்சிருக்கறவங்க இத படிச்சா ஒண்ணு கவனிங்க, அதுல காயிலோவர் (ஷாக் மேலயே மாட்டின ஸ்பிரிங்) கீழ் ஆர்மோட நடுவுல உக்காந்திருக்கறதால 25 ஸ்பேசர் வீல்ல ஒண்ணரையிலேர்ந்து ரெண்டு மடங்கா ஏறும்.

கேள்வி: ஸ்பிரிங்கு கிஸ்பிரிங்கு எதையும் தொடாம டயர் மட்டும் பெருசா போட்டா?
— சிம்பிளா முடிக்கறவர்

பதில்: உங்க வண்டி லைவ் ஆக்சில்னா (ரெண்டு வீலையும் ஒரே கெட்டி ஆக்சில் சேத்திருக்கறது) இதுதான் நேரான வழி. மேல சொன்ன எல்லா வேலையும் பாடிய உயர்த்துது, டிஃபரன்ஷியல் ஹவுசிங்க ஒரு மி.மீ. கூட உயர்த்தல, கல்லுல மொதல்ல இடிக்கறது அதுதானே. அத மேல தூக்கறது டயர் ஒண்ணுதான்.

கணக்கு பாருங்க. 235/75 ஆர் 15 டயரோட விட்டம் சுமார் 733 மி.மீ. 265/75 ஆர் 15 போட்டா சுமார் 778. வித்தியாசம் 45, அதுல பாதி, 22 மி.மீ. சொச்சம், ஆக்சிலோட சேந்து வண்டி முழுக்க ஏறும். ஸ்பீடாமீட்டர் 6 சதவீதம் கம்மியா காட்டும், அதாவது 100 காட்டும்போது நீங்க 106-ல போறீங்க. இஞ்சினுக்கு கியர் நீளமான மாதிரி இருக்கும், ஏத்தத்துல ஒரு கியர் கீழ எறக்க வேண்டி வரும், பிரேக்குக்கும் வேலை கூடும். வாங்கறதுக்கு முன்னாடி அதே சைஸ் வீல் ஒண்ண கடன் வாங்கி மாட்டி ஸ்டீயரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, ஒரு வீல மேட்டுல ஏத்தி அமுக்கி, எங்க உரசுதுன்னு பாருங்க. ஸ்டெப்னியும் அதே சைஸ் இருக்கணும், 4x4 வண்டியில ஒரு வீல் மட்டும் வேற விட்டமா இருந்தா 4x4-ல ஓட்டும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்திய முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கற பெட்டி) கெட்டுப் போயிடலாம்.

கேள்வி: பாடி லிஃப்ட் சேஃபா?
— ஒரு வரிக்காரர்

பதில்: லேடர் ஃபிரேம் வண்டிக்கு 25 மி.மீ. வரைக்கும் சேஃப். ஃபிரேமுக்கும் பாடிக்கும் நடுவுல நைலான் கட்டை, நீளமான உயர் கிரேடு போல்ட். அடி தட்டறது இதால போகாது, ஃபிரேம் அதே எடத்துலதான் இருக்கு, பெரிய டயருக்கு எடம் கெடைக்கும் அவ்வளவுதான். ரேடியேட்டர் பாடியோட மேல போகும், ஃபேன் இஞ்சினோட கீழயே நிக்கும், அதனால ஃபேன் எலை ஷ்ரவுடோட (ஃபேன சுத்தி இருக்கற மூடி) அடி விளிம்புல இடிக்குதான்னு பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. ஸ்டீயரிங் ஷாஃப்ட், கியர் லீவர், டீசல் ஊத்தற ஹோஸ், எர்த் ஒயரு இதெல்லாம் இழுபடுதான்னு பாருங்க.

கேள்வி: முன்னும் பின்னும் லைவ் ஆக்சில், காயில், ரேடியஸ் ஆர்ம். 50 மி.மீ. ஸ்பிரிங் போட்டதிலேர்ந்து ஹைவேயில வண்டி ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது, அங்கயும் இங்கயும் அலையுது. வளைவுல பயமா இருக்குன்னு வீட்டுல சொல்றாங்க.
— அலையற வண்டிக்காரர்

பதில்: ரெண்டு வேற விஷயம் இது. அலையறதுக்கு காரணம் கேஸ்டர். லேண்ட் குரூசர் 80, முதல் டிஸ்கவரி மாதிரி வண்டிகள்ல முன் ஆக்சில ரெண்டு நீள ஆர்ம் புடிச்சிருக்கு. ஃபிரேம் ஏறும்போது ஆர்ம் சாயும், ஆர்மோட ஆக்சிலும் சுழலும். ஆர்ம் 900 மி.மீ. நீளம்னா 50 மி.மீ. ஏத்தத்துக்கு 3 டிகிரி கேஸ்டர் போயிடும், பல வண்டிக்கு கம்பெனி குடுக்கறதே அவ்வளவுதான். ஓட்டை தள்ளி வச்ச கேஸ்டர் புஷ் கெடைக்குது, அத போடுங்க, போட்டுட்டு அலைன்மெண்ட் மெஷின்ல கேஸ்டர் நம்பர பிரிண்ட் கேட்டு வாங்குங்க.

வளைவுல பயம்ங்கறது வேற, வீட்டுல சொல்றது சரிதான். வண்டி கவுறுமா கவுறாதாங்கறதுக்கு அமெரிக்காவுல என்எச்டிஎஸ்ஏ (சாலைப் பாதுகாப்பு அரசு அமைப்பு) 2001-லேர்ந்து ஒரு கணக்கு வச்சு ரேட்டிங் குடுக்கறாங்க, வீல் அகலத்த புவியீர்ப்பு மைய உயரத்தோட ரெண்டு மடங்கால வகுக்கறது. அகலம் 1450, மைய உயரம் 700 மி.மீ.ன்னா 1.04 வரும். 50 மி.மீ. லிஃப்ட்ல மையம் ஒரு 40 ஏறுதுன்னு வச்சுக்குங்க, ஆக்சிலும் வீலும் கீழயே இருக்கறதால முழுசா ஏறாது, அப்ப 0.98. எண் கொறையக் கொறைய கவுற வாய்ப்பு ஜாஸ்தி. பாக்க சின்ன வித்தியாசம், ஆனா பழைய எஸ்யூவிக்கு ஆரம்பத்துலயே இந்த எண் கம்மி. ரூஃப் கேரியர்ல இருக்கறத எல்லாம் கீழ எறக்குங்க, ஸ்டெபிலைசர் பார யாராவது கழட்டி விட்டிருந்தா திரும்ப மாட்டுங்க, லிங்க் நீளத்தயும் சரி பண்ணுங்க. ஹெட்லைட்டையும் எறக்கி செட் பண்ணிடுங்க, எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிச்சுக்கிட்டிருக்கும். மாத்தின உயரத்துக்கு உங்க நாட்டு சட்டமும் இன்ஷூரன்ஸும் என்ன சொல்லுதுன்னு கேட்டு எழுத்துல வாங்கி வச்சுக்குங்க.

கேள்வி: செரோக்கி எக்ஸ்ஜே, 3 இன்ச் ஏத்தியாச்சு. இப்ப 80-க்கு மேல போனா அடியில கிர்ருன்னு அதிருது. பின் பிரொப்பெல்லர் ஷாஃப்ட்னு தெரியுது. திரும்ப எறக்கிடவா?
— செரோக்கிக்காரர்

பதில்: 1984-லேர்ந்து 2001 வரைக்கும் வந்த அந்த வண்டிக்கு இது பழகின வியாதி, பின் ஷாஃப்ட் குட்டையா இருக்கறதால கொஞ்சம் ஏத்தினாலே ஜாயிண்ட் கோணம் ரொம்ப அதிகமாயிடும். மலிவான மருந்து, கியர்பாக்ஸ் தாங்கற குறுக்குச் சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவுல 20-லேர்ந்து 25 மி.மீ. துண்டு வச்சு டிரான்ஸ்ஃபர் கேஸ எறக்கறது. ஆனா வயித்துல அவ்வளவு கிளியரன்ஸ் போயிடும், எதுக்காக ஏத்தினீங்களோ அதையே திருப்பிக் குடுக்கற மாதிரி. இன்னொரு வழி, பின் பட்டைக்கு அடியில 2 டிகிரி இரும்பு ஆப்பு வச்சு பினியன திருப்பறது. ரெண்டு முனையிலயும் சாதா கிராஸ் ஜாயிண்ட் இருக்கற ஷாஃப்ட்டுக்கு ரெண்டு கோணமும் சமமா இருக்கணும், அதனால மொதல்ல ஒரு ஆங்கிள் மீட்டர வச்சு ரெண்டு முனையையும் அளந்துட்டு எந்தப் பக்கம் திருப்பணும்னு முடிவு பண்ணுங்க.

நான்னா எறக்கிடுவேன். பின்னாடி ஷேக்கிள பழைய அளவுக்கு மாத்தி, முன்னாடி ஸ்பேசர சின்னதா போட்டு மொத்தமா 40 மி.மீ.-க்கு கொண்டு வாங்க, டயர ஒரு சைஸ் கூட்டிக்குங்க. எறக்கினப்புறம் யூ போல்ட் டார்க் பாத்துட்டு 500 கி.மீ. ஓட்டிட்டு வீல் மையத்துலேர்ந்து நாலு பக்கமும் அளந்து அந்த நம்பர எழுதி அனுப்புங்க, அதிர்வு எந்த ஸ்பீடுல ஆரம்பிச்சு எந்த ஸ்பீடுல போகுதுங்கறதையும் சேத்து எழுதுங்க.